தெற்கு பார்க்காத இன்ஜின்

புரட்டாசி 2, சனி

காலையில் வானம் மப்பு. பத்து மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்தது.

குட்டி டிராக்டரின் பெட்ரோல் இன்ஜின் செத்தேவிட்டது. கயத்தாறு பட்டறைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதத் தூக்கி எடைக்குப் போடுங்க" என்றார். முதலாளி பங்களாத் தோட்டத்தில் ஓடிய வண்டி, அந்தக் காலத்தில் கப்பலில் வந்ததாம். அவருடைய தீப்பெட்டி ஆபீஸ் வேலையை நான் விட்டு வரும்போது எனக்குக் கொடுத்தார். சந்தோஷத்திலா, இடத்தை அடைக்கிறது என்றா, இன்றுவரை தெரியாது.

எடைக்குப் போட்டால் எனக்கும் தம்பிக்கும் பொதுவான கீழக்காட்டை எதை வைத்து உழ? சுற்றிலும் சோலார் கம்பெனி வாங்கிப் போட்ட நிலம், வேலி. நடுவில் விட்டிருக்கும் பாதையில் பெரிய டிராக்டர் நுழையாது. உழவு மாடு ஊரிலேயே இல்லை.

தம்பி கணேசன் சென்னையிலிருந்து போன்: "வெள்ளிக்கெழம சோலார் கம்பெனிக்காரரக் கூட்டிட்டு வாரேண்ணே. தரிசாக் கெடந்தா காட்டக் குடுக்கக் கையெழுத்துப் போட்ருவோம். வெதச்சிருந்தா இந்த வருசம் பேச்சே இல்ல."

விதை விழுந்த நிலத்தில் கல் ஊன்றக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவனும் மீற மாட்டான். மூலையில் கம்பெனியின் அடையாளக் கல் ஒன்று மட்டும் போன மாதமே ஊன்றியாகிவிட்டது.

எனக்குக் காடு வேண்டுமா? வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். போன வருடம் உளுந்து முழுக்கப் பன்றி தின்றது. இருந்தாலும்.

வாங்க வேண்டியவை: பெல்ட், பெரிய போல்ட் நான்கு, கிரீஸ், வீட்டுக்காரி செல்விக்குத் தலைவலி மாத்திரை.

புரட்டாசி 3, ஞாயிறு

கிணற்றுமேட்டில் சும்மா கிடந்த டீசல் இன்ஜினை வண்டியில் ஏற்றுவதென்று முடிவு. செல்வியின் அண்ணன் சுடலை வந்தார். எந்த வேலைக்கும் வருவார், யோசனையும் கூடவே வரும்.

சங்கிலி போட்டுத் தூக்கி வைத்தோம். பொருந்தியது. எனக்கே நம்ப முடியவில்லை. மச்சான் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"மாப்ளே, வண்டி மேக்க பாத்து நிக்கி. ஹேண்டில் வடக்க இருக்கு. நீரு நின்னு சுத்தினா மூஞ்சி தெக்க பாக்கும். புது இன்ஜின எமன் தெசையப் பாத்தா கெளப்புவாக?"

நியாயமாகத்தான் பட்டது. இன்ஜினைத் திருப்பி வைத்தோம். ஹேண்டில் தெற்கே வந்தது, பெல்ட் ஓடும் சக்கரத்தைக் கழற்றி மறுபக்கம் மாட்டினோம். பட்டறைக்காரர் வந்து வெல்டிங்கும் வைத்துவிட்டார். மாத்திரை வாங்க மறந்துபோனேன்.

புரட்டாசி 5, செவ்வாய்

எலுமிச்சம்பழம், சூடம், எல்லாம் ஆயிற்று. வடக்குப் பார்த்து நின்று சுற்றினேன். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. தெரு முழுக்கப் புகை. கண் கலங்கிவிட்டது, புகையால் மட்டுமில்லை.

ஏறி உட்கார்ந்து முதல் கியர் போட்டேன். வண்டி பின்னால் போனது.

இரண்டாவது கியர். இன்னும் வேகமாகப் பின்னால். கொட்டகைச் சுவரில் இடித்து நின்றது. மச்சான், "கியரு பாக்ஸ்ல ஏதோ கோளாறு" என்றார். கியர் பாக்ஸை நாங்கள் தொடவே இல்லையே. மத்தியானம் முழுக்க முழித்துக்கொண்டே இருந்தேன்.

சாயந்திரம் செல்வி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டாள்: "இன்ஜினத் திருப்பி வச்சீங்கள்லா, அப்ப அது சுத்துததும் திரும்பித்தான சுத்தும்?"

மச்சான் எழுந்துபோய் பெல்ட் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"சரி, வண்டிய வெளிய எடுத்துத் திருப்புனா ஹேண்டிலு எந்தத் தெசையில இருக்கும்?"

மச்சான் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

புரட்டாசி 6, புதன்

பெல்ட்டைக் குறுக்கே மாட்டிப் பார்த்தேன். உரசி, நாறி, அறுந்தது. வெல்டிங்கைப் பிரிக்கப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டால், மணியாச்சியில் சடங்கு வீடாம், சனிக்கிழமைதான் வருவாராம்.

கொடுத்துவிடலாமா? வெயிலில் சாக வேண்டாம். கணேசனுக்கும் நிம்மதி. ஆனால் அப்படி நினைத்த உடனேயே ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போகிறேன். இதுதான் பாசமா, வெறும் வீம்பா? புரியவில்லை.

கோபத்தில் ரிவர்ஸ் கியரைத் தட்டினேன். வண்டி முன்னால் போனது! ஆமை நடை. ஆனால் முன்னால்.

புரட்டாசி 7, வியாழன்

விடியும்போதே கீழக்காட்டில். செல்வி உளுந்தைத் தூவிக்கொண்டு முன்னால், நான் ரிவர்ஸ் கியரில் உழுதுகொண்டு பின்னால். திரும்பும் இடத்தில் மறந்து முதல் கியரைப் போட்டு, இரண்டு தடவை வேலிக்குள் போய்விட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் சோலார் காவல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏங்க, மேகம் கூடுதே" என்றாள் செல்வி. மழை விழுந்துவிட்டால் கரிசலில் கால்கூட வைக்க முடியாது. இருட்டியபோது பாதிக் காடு முடிந்திருந்தது. இடுப்பு கழன்றுவிட்டது.

புரட்டாசி 8, வெள்ளி

காற்று இல்லை. புழுக்கம். கணேசனும் கம்பெனிக்காரரும் நேராகக் காட்டுக்கே வந்துவிட்டார்கள்.

கம்பெனிக்காரர், "பாதிதான சார் வெதச்சிருக்கு? அந்தப் பாதியில..." என்று ஆரம்பித்தார். கணேசன் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயாண்ணே இன்ஜின் மாத்துன?"

"நானும் மச்சானும்."

"நா ஒரு சுத்து ஓட்டட்டா?" ஏறி உட்கார்ந்துவிட்டான். கியர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஃபர்ஸ்ட்டு இங்கனதான?"

"ஆமா."

அதற்குமேல் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? தெரியவில்லை. மறந்தேனா என்றால் மறக்கவில்லை.

வண்டி பின்னாலேயே போய் மூலைக் கல்லில் மோதியது. கல் சாய்ந்து விழுந்தது. கம்பெனிக்காரர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தூரத்தில் எட்டயபுரம் பக்கம் இடி.

கணேசன் இறங்கவில்லை. கல்லைத் திரும்பிப் பார்த்தான், மேலே மேகத்தைப் பார்த்தான்.

"அண்ணே, மழ வருது, இன்னும் பாதிக் காடு கெடக்கு. முன்னால போக எதுல போடணும், சீக்கிரம் சொல்லு."