உச்சி வெயிலில் இருபத்திரண்டு முகங்கள்

சங்கரன்கோவில்
3-4-1981

அன்புள்ள அத்தானுக்கு இசக்கித்தாய் எழுதியது.

நானும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். மஸ்கட் சாப்பாடு ஒத்துக்கொண்டதா என்று மூன்று கடிதமாகக் கேட்கிறேன், பதில் இல்லை.

உங்கள் அண்ணாச்சி எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வரும்வரை நம் ஸ்டூடியோவுக்குள் பாஸ்போர்ட் படம் மட்டும்தான் எடுப்பேன் என்ற வாக்கை மீறிவிட்டேன். விசைத்தறிக் கொட்டகை ஆட்கள் இருபத்திரண்டு பேரை மதியம் வெளியே நிறுத்தி குரூப் போட்டோ எடுத்தேன். ஃபிலிம் அட்டையில் வெயிலுக்குப் போட்டிருந்தபடி லென்ஸ் துளையைப் பதினாறில் வைத்தேன். வேட்டியும் சுவரும் பளிச்சென்று விழுந்திருக்கின்றன, முகமெல்லாம் கரி. நூல் சுற்றும் ஆயிஷம்மாள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்கன இருக்கேன்?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணாச்சி, "கடையப் பூட்டு தாயி, நான் சோடாக்கடை வச்சுக்கிடுதேன்" என்கிறார். மறுபடி எடுத்துத் தருகிறேன் என்று ஆட்களிடம் கெஞ்சி, 30ஆம் தேதி குறித்திருக்கிறேன். அதுவும் கெட்டால் சாவியை அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நீங்கள் போன மாதம் அனுப்பிய படத்திலும் கம்பெனி கட்டும் கட்டடத்தின் தூண் அழகாகத்தான் இருக்கிறது. உங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இசக்கித்தாய்

மஸ்கட்
14-4-1981

அன்பு இசக்கிக்கு,

சாப்பாடு ஒத்துக்கொண்டது. குழம்பில்தான் புளியே இல்லை.

அண்ணன் கடிதமும் உன் கடிதமும் ஒரே நாளில் வந்தன. கோபம் வந்தது உண்மைதான். சாப்பிட்டதும் போய்விட்டது. புளியங்குடிக் கல்யாணத்தில் பந்தலுக்கு வெளியே நான் எடுத்த படமும் இதே லட்சணம். நெகட்டிவ் தொலைந்துவிட்டது என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன்.

காலை எட்டு மணிக்கு எடு. இல்லையென்றால் மர நிழலில் நிறுத்து. இரண்டும் முடியாவிட்டால், பதினாறை விட்டு எட்டுக்கு வா, துளை பெரிதாகும். அட்டைக் கணக்கு வெயில் விழும் இடத்துக்கு. உச்சி வெயிலில் முகம் நிழலில் அல்லவா கிடக்கிறது? வேட்டி வெளிறிவிடும் என்று பயப்படாதே. டெவலப்பரில் கால்வாசி நேரத்தைக் குறைத்துவிடு, அடங்கும்.

இங்கே கம்பெனிக்காகக் கட்டட வேலையைப் படமெடுக்கும் எனக்குத் தூண் தெளிவாக விழுந்தால் போதும். பக்கத்தில் நிற்பவன் முகம் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அண்ணனுக்கு இன்னும் பதில் போடவில்லை. உன் படத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சங்கரசுப்பு

சங்கரன்கோவில்
2-5-1981

அன்புள்ள அத்தானுக்கு,

படம் வைத்திருக்கிறேன், மடங்காமல் பிரியுங்கள்.

எட்டு மணிக்குத் தறி ஓடுகிறது, நிற்பது பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்குத்தான். கொட்டகையை நீட்டுவதற்காக முதலாளி வேம்பையும் வெட்டிவிட்டார். எட்டில் வைத்தேன். ஆனால் கேமரா வழியாகப் பார்த்தபோது கண்குழி இருட்டாகவே தெரிந்தது. கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது ஆயிஷம்மாள்தான் சொன்னாள்: "வேட்டி காயப்போட்ட எடத்துல கண்ணு கூசுதுல்லா? அதக் கீழ விரிச்சா என்னம்மா?"

தறியிலிருந்து இறக்கிய வேட்டித் துணியை முன்வரிசைக் காலடியில் நீளமாக விரித்தோம். வெளிச்சம் கீழிருந்து ஏறி முகமெல்லாம் தெளிந்தது. "மிதிச்சவன் வெளுத்துத் தரணும்வே" என்று மேஸ்திரி சிவனாண்டி சொல்லிவிட்டதால் ஒருவரும் அசையவில்லை. ஆயிஷம்மாளுக்கு இப்போது பல் தூக்கலாகத் தெரிகிறது என்று குறை.

அண்ணாச்சியும் பார்த்தார். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார். நானும்தான்.

புளியங்குடி நெகட்டிவ் அலமாரிக்கு அடியில் இருந்ததை அப்போதே பார்த்துவிட்டேன்.

இசக்கித்தாய்

மஸ்கட்
17-5-1981

அன்பு இசக்கிக்கு,

இருபத்திரண்டு பேரையும் விரல் வைத்து எண்ணினேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடை காலியில்லை, அங்கே போட்டோகிராபர் இருக்கிறார் என்று அண்ணனுக்கு எழுதிவிட்டேன். ஜனவரியில் வரும்போது இன்னொரு கேமரா கொண்டுவருகிறேன். நான் வந்த பிறகும் வெளி வேலை உன்னுடையதுதான்.

நேற்று மதியம் தூணை எடுத்து முடித்தபின் ஃபிலிமில் ஒரு படத்துக்கு இடம் இருந்தது. படுக்கை விரிப்பைத் தரையில் விரித்து, அதே தூணுக்கு முன்னால் எங்கள் அறை ஆட்களை நிறுத்தினேன். எட்டில் வைத்து, சமையல்காரர் கபீர் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டு நானும் போய் நின்றேன். தூண் வெளுத்துப் போய்விட்டது, கம்பெனிக்கு ஆகாது.

படம் இத்துடன் இருக்கிறது. நான் எத்தனையாவது ஆள் என்று எழுதப் போவதில்லை.

சங்கரசுப்பு