பாலத்தில் விழுந்தவர்கள்

பிரியமுள்ள வீட்டுக்காரிக்கு,

நலமே. உன் முட்டிவலி தேவலையா?

"வாத்தியாரா இருந்துட்டு வீடியோ கேம் ஆடிப் பார்க்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கிளம்பும்போது கேட்டாயே, இப்போது பதில் சொல்கிறேன்.

எங்கள் விளையாட்டின் மூன்றாம் கட்டத்துப் பாலத்தில் கால் வைத்தாலே ஆள் விழுகிறான் என்று, அது விற்பனைக்கு வருமுன்பே மேலாளரிடம் சொன்னேன். "பாலம் ஸ்ட்ராங்காதான் இருக்கு பெருசு, உங்க விரல்தான் நடுங்குது," என்றார். என்னை ஊருக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்தார். முதல் கட்டத்தை மட்டும் ஆடிய விமர்சகர் பத்துக்கு ஒன்பது போட்டதும் மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பக்கத்தை மட்டும் பார்த்து விடைத்தாள் திருத்துவார்களா?

நேற்று முதலாளி முன்னால், ஆடியவர்கள் எழுதிய கருத்துகளை என்னையே வாசிக்கச் சொன்னார்கள். சொல்வதெழுதுதல் போல நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அத்தனை பேரும் பாலத்தில்தான் விழுந்திருந்தார்கள்.

"போதும் சார்," என்றார் மேலாளர்.

"இருங்க தம்பி, இவருக்கும் விரல் நடுங்கியிருக்கு," என்று அடுத்ததை எடுத்தேன். கரும்பு தின்ற மாதிரி இருந்தது.

முதலாளி என்னை இருக்கச் சொல்லிவிட்டார். அடுத்து நீ அனுப்பும் பார்சலில் என் பழைய ரேடியோவை வை. அறையில் ஒரு குரலாவது கேட்கட்டும்.

பாலத்தைச் சரிசெய்ய ஒரு வாரமாகும். அதற்குள் நீயும் நம் கணினியில் ஆடி, விழுந்து, ஒரு கருத்து எழுதிப் போடு. நீளமாக எழுது, மேலாளர் முன்னால் வாசிக்க வேண்டும்.