மேட்டைத் தின்ற ஓடை

மாப்ள,

இன்று காலை எங்கள் ஊர் மேற்கு மேட்டுக்குப் போயிருந்தேன். நேற்றைய மழையில் உடைந்து கிடந்தது. புதிதாகச் சரிந்த செம்மண்ணுக்கு ஒரு வாசனை உண்டு, ஈரமும் அறுந்த வேரும் கலந்து. அதை முகர்ந்ததும் உன் பருத்திக்காடு நினைவுக்கு வந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

உன் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவில் இருந்ததும் இப்படியொரு மேடுதான். அதற்குத் தெற்கே விழுந்த மழை ஓடையில் இறங்கி உங்கள் கண்மாய்க்குப் போகும். வடக்கே விழுந்தது எங்கள் கண்மாயை நிரப்பிவிட்டு வைகைக்குப் போகும். எங்கள் பக்கம் சரிவு அதிகம். அதனால் ஒவ்வொரு மழைக்கும் எங்கள் ஓடையின் தலைப்பு இடிந்து மேட்டுக்குள் கொஞ்சம் முன்னேறும். மேட்டின் மேல் இருந்த உன் காடு ஓரம் ஓரமாக அதில் போனது. நீ கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"மாப்ள, உன் ஓடை எங்க ஊருக்குப் பொண்ணு பார்க்க வருதுடா" என்பாய். இன்னொரு நாள், "வைகைக்கு இம்புட்டு ஓடைய யாரு வெட்டிக் குடுத்தா? அதுவும் இப்படித்தான் ஒண்ணு ஒண்ணாப் பிடிச்சுச் சேர்த்திருக்கும்" என்றாய். நான் சிரித்தேன்.

பிறகு ஓர் ஐப்பசியில் மேடு உடைந்தது. உங்கள் ஓடை பாதி வழியில் திரும்பி எங்கள் ஓடைக்குள் விழுந்தது. உன் ஊரார் போட்டு அடைத்த மண்ணையும் அடுத்த மழை கொண்டுபோனது. உங்கள் கண்மாய் அதன்பின் நிறையவேயில்லை. நாங்கள் மம்பட்டியால் வெட்டிவிட்டதாக உன் ஊரார் தல்லாகுளம் கோர்ட்டுக்குப் போனார்கள். மேட்டில் காடு வைத்திருந்தவன் நீ ஒருவன்தான். உன் சாட்சியை நம்பித்தான் அந்த வழக்கே நின்றது.

நீ கூண்டில் ஏறிச் சொன்னதை நானும் அங்கே நின்று கேட்டேன்.

"யாரும் வெட்டலைங்க. ஓடை வருசா வருசம் தின்னுக்கிட்டே வந்துச்சு. என் காட்டுல பாதி அதுக்குள்ளதான் கெடக்கு."

வழக்கு தள்ளுபடியானது. உன் ஊர் உன்னை ஒதுக்கிவைத்தது. பருத்தி எடுக்க ஆள் வரவில்லை, கடையில் சாமான் தரவில்லை. நீ பழங்காநத்தத்துக்குக் குடிபோய் மில் வேலையில் சேர்ந்தாய். "தெரியாதுன்னு சொல்லிட்டு இறங்கியிருக்கலாமே மாப்ள?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியுமே" என்றாய். நீ இறந்தபோது உன் ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை.

இப்போது எங்கள் முறை. மேற்கேயிருந்து இன்னோர் ஓடை எங்கள் ஓடையைப் பிடித்துவிட்டது. தண்ணீர் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்கு இறங்குகிறது. என் பிள்ளைகளின் வயலும் இந்தக் கண்மாயை நம்பித்தான் இருக்கிறது. ஊர் இளவட்டங்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

"அவனுங்க வெட்டிட்டானுங்க அண்ணே. நீங்க பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

மேற்கு மேடு இடிந்து இடிந்து வந்ததைப் பல மழைக்காலமாகப் பார்த்தவன் நான். வாரேன் என்று குரல் கொடுத்திருக்கிறேன். யாரும் வெட்டவில்லை என்றுதான் சொல்லப்போகிறேன். இதை மடித்து வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், மாப்ள.