காளான் இல்லண்ணா

நேற்றுப் பெய்த மழையில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும் பலாக்கட்டை ஊறி, மக்கின பட்டை வாசனை வீடு வரைக்கும் வந்தது. போய்ப் பார்த்தேன். மஞ்சளைக் கரைத்து ஊற்றினது மாதிரி கட்டையின் மேல் படர்ந்திருக்கிறது. நீ போன பிறகு வரும் முதல் மழை. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

அன்றைக்கும் இதே கொட்டகைதான். வேலூர் காலேஜிலிருந்து லீவுக்கு வந்திருந்தாய். இந்த மலையிலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போனவள் நீ ஒருத்திதான். உன் அண்ணன், என் வீட்டுக்காரர், முடிவாகச் சொல்லிவிட்டார்: "படிச்சது போதும். மாப்பிள்ளை வூட்டுல கேக்கறாங்க. பாசியும் பூசணமும் படிக்கவா வேலூர் போன?"

நீ அழவில்லை. மஞ்சள் படர்ந்த மரத்துண்டு ஒன்றைப் பெயர்த்து ஓர் ஓட்டுத்துண்டின் மேல் வைத்தாய். மஞ்சளின் ஓரத்தில் கரிக்கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சிட்டிகை சாமைத் தவிடு தூவி, கூடையால் மூடினாய். காலையில் மஞ்சள் கோட்டைத் தாண்டித் தவிட்டின் மேல் இருந்தது.

"இன்னாடி, நீ தள்ளி வெச்சியா?" என்று உன் அண்ணன் என்னைக் கேட்டார்.

"எனக்கு வேற வேலை இல்லியா?" என்றேன்.

நம்பாமல் தானே புதுக்கோடு போட்டு, கூடை மேல் கல்லும் வைத்தார். மறுநாள் அதையும் தாண்டியிருந்தது. குந்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நடக்கிற காளானா?"

"காளான் இல்லண்ணா."

"அப்ப மிருகமா?"

"இல்ல. செடியும் இல்ல."

"அப்ப எதுலதான் சேர்ப்ப?"

வாசலில் நான் சந்தைக்குப் பிரித்துக்கொண்டிருந்தேன். புளி, கடுக்காய், நெல்லி, புங்கங்கொட்டை என்று நாலு குவியல். எதிலும் சேராததைப் போட ஒரு கூடை. அதைத்தான் நீ காட்டினாய்.

"செடி ஒண்ணு, மிருகம் ஒண்ணு, காளான் ஒண்ணு, செல்லுக்குள்ள உட்கரு இல்லாத கிருமி ஒண்ணு. உட்கரு இருந்தும் மத்த மூணுலயும் சேராதது எல்லாம் அண்ணியோட அந்தக் கூடையில. அதுக்குப் பேரு புரோட்டிஸ்டா. குட்டைத் தண்ணியில ஊர்ற அமீபாவும் அதுலதான், மலேரியாக் கிருமியும் அதுலதான். ஒண்ணுக்கொண்ணு ஒட்டே கெடையாது."

"இதையும் அதுல போட்டாச்சா?"

"சில பேரு இதுல போடறாங்க, சில பேரு காளான்ல போடறாங்க. இன்னும் சண்டை முடியல."

"முடியாத சண்டையப் படிக்கவா போற?"

"ஆமாண்ணா. நானும் ஒரு வார்த்தை சொல்லணும்ல."

லீவு முடிந்ததும் உன் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அடிவாரத்தில் பஸ் நிற்கும் அமிர்தி வரைக்கும் இறங்கினவர் அவர்தான். நானும் வந்தேனே. "என் தங்கச்சி நடக்கிற காளானப் பத்திப் படிக்கிறா" என்று கண்டக்டரிடம் பீற்றிக்கொண்டார். ஜன்னல் வழியாக நீ, "காளான் இல்லண்ணா" என்றாய். பஸ்ஸே சிரித்தது.

பிறகு அதே காலேஜில் நீ பாடம் நடத்தினாய். உன் சாவுக்கு உன்னிடம் படித்த பெண்கள் வாசல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். அழுகைக்கு நடுவிலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "காளான் பூத்துக்கீது, சுரண்டிப் போடுக்கா" என்றாள்.

"காளான் இல்ல" என்றேன்.

"அப்ப இன்னா?"

"என் நாத்தனா படிச்சது."

சாமைத் தவிடு எடுக்க உள்ளே போனேன். உன் அண்ணன் எனக்கு முன்பே அடுப்பில் கரித்துண்டு தேடிக்கொண்டிருந்தார்.