சைலன்சரை மாற்றிய மாதம்

மார்ச் 3, செவ்வாய்
வார விடுமுறை. மைதானத்தில் ரிமோட்டில் ஓட்டும் குட்டி விமானத்தை இரண்டே சுற்று விட்டேன். அதற்குள் பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சர் வேலியருகே வந்துவிட்டார். "சார், உங்க பிளேன் கத்துறதுல பிள்ளைங்களுக்குச் சுருதியே நிக்கல. மேல போனா ஒரு சத்தம், திரும்பினா ஒரு சத்தம். அடுத்த தடவை மனு எழுதிக் குடுத்துடுவேன்."
மனு போனால் காவலாளி கேட்டைப் பூட்டிவிடுவார். ஆறு நாள் பஸ் ஓட்டுகிறவனுக்கு இருப்பது இந்த ஒரு பொழுதுபோக்கு. விட மனமில்லை.

மார்ச் 5, வியாழன்
பணி முடிந்து வந்து விமான இன்ஜினிலிருந்து சைலன்சரைக் கழற்றினேன். சின்ன அலுமினியக் குடுவை, உள்ளே ஒன்றுமே இல்லை. புகை தடையில்லாமல் பாய்கிறது. கத்தாமல் என்ன செய்யும்? நடுவில் துளை போட்ட தகடு ஒன்றை வைக்க வேண்டும். பல்பு வெளிச்சம் போதவில்லை என்றேன். "போன வாரம்தானே புதுசு மாட்டினோம்?" என்றாள் மனைவி. மட்டமான பல்பு.

மார்ச் 7, சனி
ஆறு துளை. ஒன்று கோணல்.

மார்ச் 10, செவ்வாய்
கொல்லையில் இன்ஜினை ஓடவிட்டேன். நான்கே நிமிடத்தில் கொதித்து நின்றது. புகைக்கு வழி போதவில்லை. துளைகளைப் பெரிதாக்கி, சைலன்சரின் வாயில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகினேன். எரிபொருள் திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன். இப்போது தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. "நின்னு போச்சா?" என்று சமையலறையிலிருந்து குரல். ஓடிக்கொண்டுதான் இருந்தது! எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்
மனைவியையும் அழைத்துப் போனேன். வெற்றியைப் பார்க்க ஓர் ஆள் வேண்டாமா?
டீச்சர் சன்னலைத் திறந்துவைத்தே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். விமானம் ஏறியது. ஏற ஏறச் சத்தம் தேய்ந்து, இல்லாமல் போனது. கூடவே விமானமும்.
"எங்க போச்சு?"
"என்னங்க விளையாடறீங்க? தண்ணித் தொட்டிக்கு மேலதான் சுத்துது. நேர் எதிர்லயே!"
எதிரில் வெறும் வானம்.
"கீழ வருது... ஐயோ, திருப்புங்க!"
எந்தப் பக்கம்? தொட்டியில் மோதிய சத்தம் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

மார்ச் 18, புதன்
உடம்பு சரியில்லை என்று விடுப்பு சொல்லிவிட்டேன்.
இத்தனை நாளும் நான் விமானத்தைப் பார்த்து ஓட்டவில்லை, கேட்டு ஓட்டியிருக்கிறேன். ஏறும்போது இழுக்கும், இறங்கும்போது கீச்சிடும். அதை வைத்தே சமாளித்திருக்கிறேன்.
சரி, பஸ்?
போன வருடக் கண் பரிசோதனையில், எனக்கு முன்னால் நின்ற ஓட்டுநர் படித்த எழுத்துகளைக் காதில் வாங்கி அப்படியே ஒப்பித்தேன். கடைசி இரண்டு வரிதானே என்று. அன்றைக்குச் சிரிப்புகூட வந்தது. நாப்பது அம்பது பேரை ஏத்திக்கிட்டு என்னடா பண்ணிக்கிட்டு இருந்தே? பயமா இருக்கு.
மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். "பல்பு நல்ல பல்புதாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 20, வெள்ளி
கண் நரம்பு பழுதாம். போன பார்வை வராது. சொட்டு மருந்து விட்டால் மிச்சம் தங்கும். "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார் மருத்துவர். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மார்ச் 23, திங்கள்
கண் சரியில்லை, இனி பஸ் ஓட்ட முடியாது என்று டிப்போ மேலாளரிடம் நானே எழுதிக் கொடுத்தேன். "பரிசோதனைக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கே, எதுக்கு அவசரம்?" என்றார். நல்ல மனிதர். நல்லது நினைத்துத்தான் சொன்னார். கடிதத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்
உதிரிபாகக் கிடங்கில் உட்கார்த்தியிருக்கிறார்கள். இன்று, முன்பு நான் ஓட்டிய பஸ்ஸிலேயே வேலைக்குப் போனேன், முன் இருக்கையில். புது ஓட்டுநர் அளவுக்கு மீறி நிதானம். நானாக இருந்தால் இந்நேரம் இரண்டு நிறுத்தம் தாண்டியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.
பள்ளிக்கூட வளைவில் சட்டென்று பிரேக் போட்டார். "எதுக்குப்பா இப்படி அடிக்கிறே?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.
பக்கத்தில் இருந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "குழந்தை சார். நடு ரோட்டுல நிக்குது பாருங்க."
பார்த்தேன். சாலை காலியாகத்தான் இருந்தது.