ஒன்பது நிமிட வாசிப்பு

என் வீட்டு மகாராணிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? என் தொப்பை சௌக்கியம்.

முதியோர் கல்விக்கு வாசிப்புத் தரம் வகுக்கிறோம் அல்லவா? நிமிடத்துக்கு நாற்பது சொல் படித்தால்தான் தேர்ச்சியாம். அளக்க அதிகாரி தன் கடிகாரத்தையே கழற்றிக் கொடுத்திருக்கிறார். நேற்று ஒரு சமையல்காரம்மா தன் வேலை ஒப்பந்தத்தை ஒன்பது நிமிடம் எழுத்துக்கூட்டினார். "வார லீவே இல்லேங்குது! கையெழுத்துப் போடமாட்டேன்" என்று மடித்து வைத்தார். நான் 'தேர்ச்சி' போட்டேன்.

"மாத்துங்க, இல்லேன்னா கிளம்புங்க" என்றார் அதிகாரி.

"உங்க ஒப்பந்தத்தை நீங்க படிச்சுட்டா சார் கையெழுத்துப் போட்டீங்க?" என்றேன். நான் மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன். பயப்படாதே, நாற்காலி இன்னும் எனக்குக் கீழேதான் இருக்கிறது.

சட்டைப் பொத்தான் நாலு அனுப்பு. தைக்கத் தெரியாது, இருந்தாலும் அனுப்பு.

வகுப்பு மணி அடிக்கிறது. நீயும் இப்போது எழுத்துக்கூட்டுகிறவள்தானே, இதைப் பக்கத்து வீட்டில் கொடுக்காமல் நீயே படி. எத்தனை நாள் ஆனாலும் சரி. அதிகாரியின் கடிகாரம் என் பையில்தான் இருக்கிறது.

உன் தொப்பைக்காரன்