ஊருக்கெல்லாம் அது நான்

அன்பு மனைவி மல்லேனாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது? இங்கே பெல்ஜியச் சுரங்கத்தில் கரித்தூசியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

சார்டினியாத் தீவில் நம் ஊரிலிருந்தே புதிதாக வேலைக்கு வந்த தனியேலே, சாப்பிடும்போது ஒரு வேடிக்கை சொன்னான்.

"அண்ணே, கார்னிவல் ஆட்டம் தொடங்குற அந்தோணியார் திருநாள் நெருப்புக்கு நீங்க வந்துட்டீங்கன்னே ஊரு நம்பிருச்சு! உங்க கறுப்பு முகமூடி, முதுகுல உங்க மாட்டு மணி, அதே குதிப்பு. உங்கம்மாவே பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. கடைசில கழட்டுனா, உங்க சித்தப்பா மவன் பாக்கிஸ்!"

நானும் சிரித்தேன். முகமூடி போட்டவனுக்குப் பேர் கிடையாது, அவன் செத்துப்போன முன்னோரில் ஒருவன் என்று காலங்காலமாகச் சொல்வதுதானே. யார் போட்டால் என்ன?

ஆனால் அந்தப் பேரிக்காய் மர முகமூடியை என் கன்னத்துக்கு அளவெடுத்துத்தான் செதுக்கினார்கள். பாக்கிஸுக்கு மண்டை பெரிசு. தோல்வாரைத் தளர்த்தியிருந்தால் பழைய துளைக்கே மாற்றி வை. அவன் வியர்வையை நன்றாகத் துடைத்துவிடு.

கம்பளிக் காலுறையும் கொஞ்சம் ஆட்டுப்பால் சீஸும் அனுப்பு. உன் பழைய சால்வையில் சுற்றி அனுப்பு. துவைக்க வேண்டாம்.

சங்கு ஊதிவிட்டது, இறங்க வேண்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் உன் முன்னால் வந்து குதித்தபோது நீ கைகொட்டிச் சிரித்தாயாம். ஊருக்கெல்லாம் அது நான். பெட்டியைத் திறந்து முகமூடியை எடுத்துக் கொடுத்த உனக்குத்தான் உள்ளே இருப்பது யாரென்று தெரியும்.

நீ யாரைப் பார்த்துச் சிரித்தாய்?

கொனாரியோ